சாயம் போன பெஞ்சு

எங்கள் ஊரில் ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட்டுக்கூட மறுநாள் அவரோடு நின்று டீ குடிக்கலாம். ஆனால் அவர் கொடுத்த பொருளைப் பார்த்து ‘சாயம் போவுது’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட வைக்க மாட்டார். ஆரணியில் பாதிப் பேர் பட்டு நெய்கிறவர்கள், மீதிப் பேர் அதை விற்கிறவர்கள். அப்படிப்பட்ட ஊரில் அந்த வார்த்தையை நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, மாமாவுக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

மாமா அம்மாவின் தம்பி. தாத்தா போன பிறகு எங்களோடுதான் இருந்தார். செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடிந்தும் விடியாததுமாகத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை ஆட, வாயில் பாதி இட்லியோடு மாமா ஓடிப்போய் ஏறுவார். அந்த பஸ்ஸில் ஏறுகிற பையன் என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகத்தைக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்கள். அந்த வேலையை மாமா ஒருநாள் விட்டுவிட்டு வந்து நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, மரம் என்றார்.

சென்னைக்கு வெளியே கடலோரம் பெரிய பெரிய பங்களாக்கள் இருக்கின்றன அல்லவா, அங்கே வீட்டுக்கு வெளியே திறந்தவெளியில் மரப்பலகையால் தரை போடுகிறார்கள். அதற்கு டெக் என்று பெயர். தோட்டத்தில் மர பெஞ்சும் நாற்காலியும் போட்டு, வெயிலோ மழையோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த வேலை செய்கிற ஒரு காண்டிராக்டரிடம் மாமா சேர்ந்திருந்தார். வாரம் முழுக்க அங்கே இருப்பார், சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வருவார். தொழிலைக் கற்றுக்கொண்டு கண்ணமங்கலம் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போடுவதாகத் திட்டம்.

இதை எங்கள் வீட்டாருக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்களுக்குத் தெரிந்த மரமெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற மரம். தறி, கட்டில், கதவு. வெளியே கிடந்தால் அதற்கு விறகு என்று பெயர்.

“மழையில போடறதுக்கு யாருனா காசு குடுத்து மரம் வாங்குவாங்களா?” என்றார் அப்பா.

“இது வேற மரம். மலேசியா பக்கம் காட்டுலேர்ந்து வருது. மெர்பாவ்னு பேரு,” என்றார் மாமா.

“பாவா? பாவு தறியில கீது, போய்ப் பாரு,” என்றாள் அம்மா.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைத்தான் பாவு என்போம். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த மரத்துக்கு ‘மலேசியா பாவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாமா முதலில் திருத்திப் பார்த்தார், பிறகு அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு பங்களா வேலையில் மிஞ்சிய பலகைகளைக் காண்டிராக்டர் மாமாவிடம் கொடுத்தார். மாமா அவற்றை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்து, எங்கள் மொட்டை மாடியின் ஒரு மூலையில் தரை போட்டு, அதன் மேல் சாய்ந்து உட்காரும் பெஞ்சு ஒன்றும் செய்தார். நாளைக்கு யாராவது வேலை கொடுக்க வந்தால் காட்டுவதற்கு ஒரு மாதிரி வேண்டும் அல்லவா? பலகை ஒவ்வொன்றும் கருஞ்சிவப்பாக, இரும்பு மாதிரி கனத்தது. ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது. துளை போட்டு ஸ்குருதான் முடுக்க வேண்டியிருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பென்சில் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

“பலகை பத்தலையா? நூலெழ விட்டுப்போன சேல மாதிரி கீது.”

“தண்ணி எறங்கறதுக்கு விட்டது,” என்றார் மாமா.

“நாங்க இப்படி சந்து விட்டா கடைக்காரன் சேலய மூஞ்சியில வீசுவான்,” என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கிப் போய்விட்டார்.

வேலைக்குக் கிளம்பும்போது மாமா அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “மழை வந்தா வரட்டும்கா. இது நல்லா நனையணும். ஒரு மழைக்காலம் பாத்துட்டா போதும்.” ஏன் நனைய வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் காதில் எப்போதும் போன் இருக்கும். எதையும் பாதிதான் சொல்வார், மீதியை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா ஊகித்துக்கொள்ளவில்லை. வானத்தில் ஒரு தூறல் விழுந்தால் போதும், அம்மாவின் கால் தானாக ஓடும். ஜன்னலைச் சாத்த வேண்டும், பாவின்மேல் துணி போர்த்த வேண்டும், காயப்போட்ட நூலை எடுக்க வேண்டும். பட்டு நனைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தே வளர்ந்த ஒருத்தியிடம் போய், ஒரு நல்ல பொருள் மழையில் கிடக்கட்டும் என்று சொன்னால் எப்படிக் கேட்பாள்? முதல் மழையிலேயே நீலத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் பின்னால் செங்கல் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெஞ்சையும் தரையையும் சேர்த்து மூடி, நாலு பக்கமும் செங்கல் வைத்தோம்.

“இவ்ளோ நல்ல மரம் நனையறத எப்படிடி பாத்துகினு இருக்கறது? மாமா கிட்ட சொல்லாத. கோச்சிக்குவான்.”

அந்த வருஷம் ஆவணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மழைக்கும் அம்மாவும் நானும் ஓடினோம். சனிக்கிழமை காலையில் தார்ப்பாயை மடித்துப் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்துவிடுவோம். மதியம் மாமா வந்து நேராக மாடிக்குப் போவார். பெஞ்சைத் தடவிப் பார்ப்பார். “பாத்தியாக்கா? எவ்ளோ மழை பெஞ்சுது, நெறம் எப்படி நிக்குது பாரு!” என்பார். அம்மா என்னைப் பார்ப்பாள், நான் வானத்தைப் பார்ப்பேன்.

ஐப்பசியில் பெண் விஷயம் வந்தது. முள்ளிப்பட்டு போகிற வழியில் சாயப்பட்டறை வைத்திருந்தவரின் மகள். எங்கள் வீட்டுப் பட்டு நூல் எல்லாம் அந்தப் பட்டறையில்தான் சாயம் ஏறும். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் போனில் பேசும்போது காரணமில்லாமல் சிரித்தார். பெண்ணுக்கும் சம்மதம் என்றார்கள். பெண்ணின் அப்பாவுக்குத்தான் இடித்தது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு மழையில் மரம் போடுகிறேன் என்கிற பையனை எப்படி நம்புவது? அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மர வேலையைக் கண்ணால் பார்ப்பார், பிடித்தால் பேசலாம், இல்லாவிட்டால் இல்லை. ஆக, மாமாவின் பட்டறை, கல்யாணம் எல்லாமே எங்கள் மொட்டை மாடி பெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறல். மாமா வீட்டிலேயே இருந்ததால் அம்மாவால் தார்ப்பாயைத் தொட முடியவில்லை. படியில் ஏறுவதும் இறங்குவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா மனைவியோடு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஜாங்கிரி, மிக்சர் எல்லாம் முடிந்து காபி வருவதற்குள், “மேல போலாமா?” என்று அவரே எழுந்தார். எல்லாரும் பின்னால் போனோம்.

தூறல் விட்டிருந்தது. நனைந்த பெஞ்சு பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. மாமா தன் தோளில் இருந்த துண்டால் அதைத் துடைத்தார். அது சிவப்புத் துண்டு, அதனால் அதில் ஒன்றும் தெரியவில்லை.

“உக்காருங்க. இதுக்கு மழைன்னா ஒண்ணுமே இல்லைங்க.”

அவர் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவினார். நன்றாகச் சாய்ந்துகொண்டு, கரையான் அரிக்குமா என்று கேட்டார். கரையான் வாய் வைத்தால் அதற்குத்தான் பல் போகும் என்றார் மாமா. அவர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து மாமா சிரித்தார். அந்த நிமிஷத்தில் மாமாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பெண்ணின் அப்பா எழுந்து, மாடியிலிருந்து தெருவைப் பார்க்கத் திரும்பினார்.

அவருடைய வேட்டியின் பின்பக்கம் பலகை பலகையாகச் செம்பழுப்புக் கோடுகள். மாமா விட்டிருந்த சந்துகூடத் தப்பாமல் விழுந்திருந்தது. அதே நேரத்தில் மாடித் தண்ணீர் விழும் குழாயிலிருந்து சிவப்பாக ஒழுகி, பக்கத்து வீட்டார் தீபாவளிக்கென்று முந்தின நாள்தான் வெள்ளையடித்த சுவரில் நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

“ஐயே, சாயம் போவுது!”

அவர் கழுத்தைத் திருப்பி வேட்டியைப் பார்த்தார். ஓரத்தை இழுத்து விரலில் தேய்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தை தன்மேல் விழாமல் பார்த்துக்கொண்ட மனிதர் அவர்.

“சாயம் பூசின மரமா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லைங்க… அதோட நெறமே இதாங்க…” என்றார் மாமா. இவ்வளவு மழை குடித்த பிறகும் நிறம் இறங்குகிறது என்றால் தன்னைத்தான் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த நொடியே அவர் முடிவு செய்துவிட்டார். பெண்ணின் அப்பா துண்டை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல், மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் அடி விழும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா ஒரு வாளியும் தென்னந்துடைப்பமும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு சுவரைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். போகவில்லை. மறுநாள் சுண்ணாம்பு வாங்கி வந்து அவரே அடித்தார். அதற்கு முன், கழுவி முடித்து வந்ததும், தட்டில் மிஞ்சியிருந்த ஜாங்கிரியை எடுத்து என் கையில் வைத்தார். “அக்கா, பழைய கம்பெனில போய்க் கேட்டுப் பாக்கறேன். திருப்பி வேலைக்கு எடுத்துப்பாங்க,” என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த ஜாங்கிரி இனிக்கவே இல்லை.

அம்மா அடுக்களையில் அப்பாவிடம் கிசுகிசுத்தாள்: “நான் மூடி மூடி வெச்சதுக்கே இப்படி. மூடாம வுட்டிருந்தா ஊரே சேப்பாயிருக்கும்.” அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள்.

அந்த வாரத்தில் அப்பா சாயப்பட்டறைக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. எங்கள் நூல் அங்கே இருந்தது. தீபாவளிக்குள் முடிக்க வேண்டிய சேலை, தறி சும்மா நின்றது. துணைக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பிள்ளை கூட இருந்தால் யாரும் அதிகம் பேச மாட்டார்கள் என்ற கணக்கு. அங்கே ஆவிக்கும் ஈரத்துக்கும் நடுவே, மாமா பார்த்துவிட்டு வந்த அந்தப் பெண், மூங்கில் கழியில் அரக்கு நிற நூலைக் கோத்துத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே அவளுடைய அப்பாவோடு சங்கடமாக நின்றார். அவள் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதன்மேல் உட்கார வைத்தாள்.

“கத்தினது நீதான?”

“ஆமா.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு நூலைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்டாள். “அந்த பெஞ்சு எத்தினி மழை பாத்துச்சு?”

“ஒண்ணு கூட பாக்கல. மழை வந்தா அம்மா தார்ப்பாய் போட்டு மூடிடுவாங்க. மாமாவுக்குத் தெரியாது.” சொன்ன பிறகுதான் சொல்லக் கூடாதது என்று நினைவு வந்தது.

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு, “எங்க அப்பா கெளம்பி வந்துட்டாரே, அதுக்கப்பறம் உங்க மாமா யார யார திட்டினாரு?” என்றாள்.

“யாரையும் திட்டல. பக்கத்து வூட்டு சொவர கழுவினாரு. எனக்கு ஜாங்கிரி குடுத்தாரு.”

“கத்தினதுக்கா?”

“ம்.”

அவள் நூலை எடுத்து உதறினாள். முதலில் தொட்டித் தண்ணீர் ரத்தமாக இருந்தது. அடுத்த தொட்டியில் ரோஸாக, அதற்கடுத்ததில் வெறும் தண்ணீராக. அதைப் பார்த்துக்கொண்டே வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

“அப்பா! அந்த பெஞ்சு அலசாத நூலுப்பா. ஒரு மழை கூட படாம மூடி வெச்சிருக்காங்க.”

“மரத்துக்கு ஏதும்மா அலசல்?”

“சக்கரை வியாதிக்குன்னு வேங்கை மர டம்ளர்ல தண்ணி ஊத்தி வெச்சு குடிக்கிறீங்களே, மொத மொதல்ல எப்படி சேப்பா எறங்குச்சு? இப்ப எறங்குதா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நூல் கட்டை அப்பாவின் கையில் கொடுக்கும்போது, “அலசிட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்க,” என்று மட்டும் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

சனிக்கிழமை மாமாவிடம் விஷயம் உடைந்தது. படிக்கட்டுக்கு அடியிலிருந்து நீலத் தார்ப்பாயை இழுத்துப் பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“நனையட்டும்னு சொன்னேனேக்கா!”

“ஏன்னு சொன்னியா? மொட்டையா சொல்லிட்டு பஸ் ஏறிட்ட. நல்ல மரமாச்சேன்னு மனசு கேக்கல.”

அப்புறம் எங்கள் மாடியில் நடந்தது ஒரு பெரிய அலசல். மாடிக் குழாயில் ஒரு ஹோஸைச் செருகி நேராகச் சாக்கடையில் விட்டோம். மாமா வாளி வாளியாக ஊற்றினார், அப்பாகூட நெசவை விட்டுவிட்டு வந்து ஊற்றினார். தெருச் சாக்கடை கடுங்காபி நிறத்தில் ஓடியது, சில நாளில் டீ நிறமானது, பிறகு பால் அதிகமான ஹோட்டல் டீ. நடுவே மழையும் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் அம்மா படிக்கட்டின் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. மாமா தார்ப்பாயை வெளியூருக்குக் கையோடு எடுத்துப் போய்விட்டார்.

மாமா ஆள் அனுப்பி ஒரு வாரம் எந்தப் பதிலும் இல்லை. எல்லாரும் நம்பிக்கையை விட்டுவிட்ட ஒரு மழை நாளில், சாயக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்து நின்றார். மறுபடியும் வெள்ளை வேட்டி. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக மாடிக்கு ஏறினார். மாமா துண்டை எடுத்தார். “தொடைக்காத,” என்று தடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்திருந்த பெஞ்சில் குடையோடு உட்கார்ந்தார். மழை பெய்துகொண்டே இருந்தது. நாங்கள் படியில் கும்பலாக நின்றோம். நன்றாக ஊறும்வரை இருந்துவிட்டு எழுந்து, என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பினார்.

“பாப்பா, நீயே பாத்து சொல்லு.”

நான் கிட்டே போய், குனிந்து, பட்டுக்கடைக்காரர் சேலையைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன்.

“தண்ணி மட்டும்தான் கீது,” என்றேன். அதோடு விட மனசில்லாமல் கத்தினேன்: “கெட்டிச் சாயம்!”

தையில் கல்யாணம் நடந்தது. கண்ணமங்கலம் ரோட்டில் பட்டறை வந்து, இப்போது அங்கிருந்து ஊர் ஊராகத் தோட்டத்து பெஞ்சும் டெக் பலகையும் போகின்றன. எதுவானாலும் அலசிவிட்டுத்தான் அனுப்புவார்கள், அது அத்தையின் சட்டம். எங்கள் மாடி பெஞ்சு வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, ஒரு பலகைகூட அசையவில்லை. அந்தக் கல்யாணத்தையே நான்தான் நடத்தி வைத்தேன் என்று வருஷக்கணக்காகப் பெருமையடித்து வந்தேன். தார்ப்பாய் ரகசியத்தை நான் சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

போன பொங்கலுக்கு அதே பெஞ்சில் அத்தையோடு உட்கார்ந்து மறுபடியும் அதையே அளந்துகொண்டிருந்தேன். அத்தை கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

“பெஞ்சு கெடக்குது, போ. அது எங்க அப்பாவோட கவல. என் கவல வேற. உங்க மாமாவப் பத்தி உன்ன இன்னொரு கேள்வி கேட்டேன். அது ஞாபகம் கீதா?”

கொஞ்ச நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்தபோது அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவள் சாதாரணமாகக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயப்பட்டறையில், கைவேலை நடுவே பொழுதுபோக்குக்குக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். யாரையும் திட்டவில்லை, சுவரைக் கழுவினார், ஜாங்கிரி கொடுத்தார் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து குதித்து, அப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டேன்.